நான்கு நாள் முந்திப் போன வீடு

அஷ்டமியும் வியாழக்கிழமையும் சேர்ந்து வந்த ஒரு நாள் காலை ஒன்பது இருபதுக்கு, சங்கரன்கோவில் புதுமனை இரண்டாம் தெருவில் பதினான்காம் நம்பர் வீடு மட்டும் அடுத்து வர இருந்த திங்கட்கிழமைக்குப் போய்விட்டது. பக்கத்துப் பதினைந்தாம் நம்பர் என்னுடையது, கீழே ஜெராக்ஸ் கடை, மேலே குடித்தனம். என் வீடு வியாழக்கிழமையிலேயேதான் இருந்தது. நடுவில் இருப்பது ஒற்றைக் காம்பவுண்டு சுவர், அதன் மேல் ஓடும் அணில் ஒன்றும் நடக்காததுபோல இந்தக் கிழமைக்கும் அந்தக் கிழமைக்கும் போய் வந்துகொண்டிருந்தது. இதைச் செய்தது நான் என்று தெருவில் சொல்வார்கள், அது பாதிதான் உண்மை. சொன்னது அந்த வீட்டுக் கோமதிநாயகம் அண்ணாச்சி, கையால் செய்ததுதான் நான்.

அண்ணாச்சி எங்கள் ஊர் பஸ் ஸ்டாண்டில் முப்பத்தோரு வருஷம் நேரக்காப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவர். ராஜபாளையம் வண்டி, திருநெல்வேலி வண்டி, கழுகுமலை வழியாகப் போகிற கோவில்பட்டி வண்டி என்று எல்லாவற்றையும் விசில் ஊதி நிமிஷம் தவறாமல் வெளியே தள்ளியவர், ராகு காலம் என்று ஒரு வண்டியையும் ஒரு நொடி நிறுத்தி வைத்தவர் இல்லை. பஸ் அரசாங்கத்துடையது, அதற்கு ராகு காலம் கிடையாது என்பார். வீடு அவருடையது, அதற்கு உண்டு. அடுப்பு மாற்றுவதற்கு, முடி வெட்டுவதற்கு, ஆணி அடிப்பதற்கு, எல்லாவற்றுக்கும் அவரிடம் ஒரு நேரம் இருந்தது, தெருவே அவரிடம் போய் நேரம் கேட்டு வாங்கிக்கொண்டு வந்தது. என் கடை ஷட்டரை முதன்முதலாகத் தூக்கியதும் அவர் குறித்துக் கொடுத்த நேரத்தில்தான், ஆகவே நான் அவரைக் கேலி பண்ணுவதற்கு ஓர் அளவு உண்டு.

அந்த வியாழக்கிழமை அவர்கள் வீட்டுக்கு ஒரு கம்ப்யூட்டர் பார்சலில் வந்தது. முந்தின நாளே கேபிள் ஆபீஸ்காரர்கள் வந்து சுவரில் வைஃபை பெட்டியை மாட்டிவிட்டுப் போயிருந்தார்கள். இரண்டையும் அனுப்பியது மகள் பிரமு, அயர்லாந்தில் நர்ஸாக இருப்பவள், ஆறு வருஷமாக அப்பாவோடும் அம்மாவோடும் ஒரு வார்த்தை பேசாதவள், போன் நம்பர்கூட எங்கள் யாருக்கும் தெரியாது. பெட்டிக்குள் ஒரு கடிதம் இருந்தது. "இந்தக் கம்ப்யூட்டரில் நான் மட்டும்தான் கூப்பிட முடியும். செவ்வாய்க்கிழமை மத்தியானம் உங்கள் மணிக்கு மூன்றரைக்குக் கூப்பிடுவேன். அப்பா எடுத்தால் பேசுவேன். எடுக்காவிட்டால் இனிமேல் எப்போதும் கூப்பிட மாட்டேன்."

அதை வாசித்துக் காட்டியது நான். அண்ணாச்சியின் மனைவி வடிவு மதினி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அண்ணாச்சி காலண்டரைப் பார்த்தார், பார்க்கத் தேவையே இல்லை, செவ்வாய்க்கிழமை மூன்று முதல் நாலரை ராகு காலம் என்பது எங்கள் தெருவில் பால் குடிக்கிற பிள்ளைக்கும் தெரியும்.

"நல்ல நேரமா வேற ஒண்ணு சொல்லிருக்கலாம்லா. அவளுக்கு மறந்து போச்சு போல" என்றார்.

"இந்த வீட்டுல பொறந்து வளந்தவளுக்கு அது மறக்குமாக்கும்?" என்றாள் மதினி. "மறக்காமதான் சொல்லிருக்கா."

அது ஏன் என்று எங்கள் எல்லோருக்கும் தெரியும். ஆறு வருஷத்துக்கு முன்னால் பிரமு தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு வந்திருந்தாள். ஒரு செவ்வாய்க்கிழமை மூன்று பத்துக்கு வலி கண்டது. ஆட்டோ வந்து வாசலில் நின்றது, எஞ்சினை அணைக்காமலே நின்றது, அண்ணாச்சி கேட்டில் குறுக்கே கையை வைத்துக்கொண்டு, "நாலரை ஆகட்டும், தலைப்பிள்ளை, முதல் வலிதான, நாலு முப்பத்தொண்ணுக்கு ஏத்திரலாம்" என்றார். மதினி அழுதாள், பிரமு ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு "அப்பா, அப்பா" என்று கத்தினாள், தெருவே வந்து நின்றது, எதிர்வீட்டு இசக்கி நின்றாள், நான் நின்றேன், ஒருத்தரும் அந்தக் கையை எடுத்துவிடவில்லை. பிறந்தது பெண் பிள்ளை, அழவே இல்லை. முன்னாலேயே கொண்டுவந்திருந்தால் பிழைத்திருக்குமா என்று மதினி கேட்டதற்கு டாக்டரம்மா "சொல்ல முடியாது" என்றார்கள். பதினாறு நாளில் பிரமு தன் புருஷனோடு போனவள்தான். அன்று அங்கே நின்றதை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் என் மேலேயே ஆத்திரம் வருகிறது.

ஆக அந்த வியாழக்கிழமை அண்ணாச்சி கம்ப்யூட்டரைத் தடவிப் பார்த்துக்கொண்டே என்னிடம் சொன்னார்: "தங்கம், இன்னைக்கு அஷ்டமி. நாளைக்கு நவமி. சனிக்கிழமை கரிநாள். ஞாயித்துக்கிழமை வரைக்கும் எனக்குச் சந்திராஷ்டமம். திங்கக்கிழமை ஒம்பதேகால்லருந்து பத்தேகால் வரைக்கும் நல்ல நேரம், அன்னைக்குத் தொறப்போம்."

"திங்கக்கிழமை தொறந்து, செவ்வாய்க்கிழமைக்குள்ள எப்ப அண்ணாச்சி பழகுவீய?"

அவர் யோசித்தார். பிறகு அவர் முகத்தில் வந்த வெளிச்சம் இருக்கிறதே, பஸ் ஸ்டாண்டில் நின்றுபோன வண்டியைத் தள்ளிக் கிளப்பியவரின் வெளிச்சம் அது. "உள்ள தேதி இருக்கும்லா? அதத் திங்கக்கிழமைன்னு மாத்திரு. மணி இப்ப ஒம்பது இருவது, அது சரியா இருக்கு. பொட்டிக்கு அதான் நல்ல நேரம்னு ஆயிரும்."

நான் சிரித்தேன், சிரித்துக்கொண்டே மாற்றினேன். நேரம் தானாகத் திருந்திக்கொள்ளும் வசதி ஒன்று உண்டு, அதையும் அணைக்கச் சொன்னார், அணைத்தேன். மதினி சூடம் காட்டினாள். ஒரு சின்ன அசைவு, கொடியில் காய்கிற துணி திரும்புவதுபோல வீடு ஒருதரம் திரும்பி நின்றது, அவ்வளவுதான். சமையல்கட்டில் பால் திரிந்தது, பூஜைத் தட்டில் இருந்த பச்சை வாழைச் சீப்பு பழுத்து மணத்தது, சுவரில் இருந்த காலண்டரில் நான்கு தாள் குறைந்திருந்தது.

நாங்கள் அதையெல்லாம் கவனிக்கவில்லை, கம்ப்யூட்டரையே பார்த்துக்கொண்டிருந்தோம். வைஃபை நாலு கோடும் நிறைந்து நின்றது. அதன் கீழே எழுதியிருந்தது: இணைக்கப்பட்டுள்ளது, இணையம் இல்லை.

எனக்குத் தெரிந்த வைத்தியம் எல்லாம் செய்தேன். பெட்டியின் ஒயரைப் பிடுங்கி முப்பது எண்ணி மறுபடி செருகினேன், வைஃபையை மறந்துவிடு என்று சொல்லி மறுபடி பாஸ்வேர்டு கொடுத்துச் சேர்த்தேன், கம்ப்யூட்டரை அணைத்து எழுப்பினேன், கோளாறு கண்டுபிடிக்கும் பகுதியைத் தட்டினேன், அது பச்சைக் கோட்டை ஓடவிட்டு ஓடவிட்டு, கோளாறு ஒன்றும் இல்லை என்று சொல்லிவிட்டது. என் போனை அதே வைஃபையில் சேர்த்துப் பார்த்தேன், அதிலும் இணையம் இல்லை, டவரும் இல்லை. கேபிள் ஆபீஸுக்குப் பேசலாம் என்று போனோடு வாசலுக்கு வந்து தெருவில் காலை வைத்ததும் டவர் வந்தது, தேதியும் வியாழக்கிழமை என்று வந்தது. திரும்ப உள்ளே வைத்தேன், திங்கட்கிழமை. காலை வெளியே, காலை உள்ளே என்று நான் வாசல்படியில் நின்று பாண்டி ஆடுவதை இசக்கி பார்த்துவிட்டு, "என்னக்கா, கால்ல முள்ளு குத்திட்டா?" என்று கேட்டாள். விஷயத்தைச் சொன்னேன். அவள் ஒரு நிமிஷம்தான் யோசித்தாள்.

"நாலு நாளா? அப்ப அவுக மாடியில என் கூழ்வத்தல கொண்டுபோய்ப் போட்டா இன்னைக்கே காஞ்சிருமே" என்றாள்.

இசக்கி வத்தல் போட்டு விற்பவள். அவள் ஒரு பாய் நிறையப் பிழிந்த ஈர வத்தலைத் தலையில் தூக்கிக்கொண்டு பதினான்காம் நம்பர் வாசலைத் தாண்டினாள், தாண்டின கையோடு வத்தல் நாலு வெயில் கண்டு கலகலவென்று ஆயிற்று, மாடிக்கு ஏறத் தேவையே இருக்கவில்லை. அதற்குப் பிறகு எங்கள் தெருவைச் சொல்லவா வேண்டும்? மோர்மிளகாய் போனது, மாங்காய் போனது, பயறு உள்ளே போய் முளையோடு வெளியே வந்தது. மெட்ராஸ் ஐ வந்த பிள்ளைகளை வரிசையாக நிறுத்தி உள்ளே அனுப்பி வெளியே எடுத்தார்கள், கண் தெளிந்து வந்தன. பேசாமல் இருந்த புருஷனும் பெண்டாட்டியும் ஆளுக்கொரு பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு உள்ளே போய், நாலு நாள் பழசான கோபத்தோடு, அதாவது கோபமே இல்லாமல், காபி குடித்துவிட்டு வந்தார்கள். "நாலு நாள் கழிச்சு வாங்க" என்று எல்லோரையும் விரட்டுகிற தெருமுக்குத் தையல்காரரிடம், ஒருத்தர் அண்ணாச்சி வீட்டுக்குள் போய்வந்து, "நாலு நாள் ஆயிட்டு, சட்டை எங்க?" என்று நின்றார், தையல்காரர் ஊசியைக் கீழே வைத்துவிட்டு அழுதேவிட்டார். ஏன் இப்படி ஆயிற்று என்று ஒருத்தரும் கேட்கவில்லை. எத்தனை மணிக்கு வரலாம் என்றுதான் கேட்டார்கள்.

ஒரே ஒரு தொந்தரவு இருந்தது. உள்ளே போன ஒவ்வொரு தடவையும் ஆளுக்கும் நாலு நாள் ஏறியது, நகம் வளர்ந்தது, ஆம்பிளைகளுக்குத் தாடி வந்தது. மற்றவர்கள் ஒருதரம் இரண்டுதரம் போனார்கள். அண்ணாச்சிதான் இருப்புக்கொள்ளாமல் வீட்டுக்கும் தெருவுக்கும் நடந்துகொண்டே இருந்தார், உள்ளே போய் அந்த எழுத்தைப் பார்ப்பார், வெளியே வந்து வானத்தைப் பார்ப்பார், மறுபடி உள்ளே போவார், தினமும் காலையில் சவரம் பண்ணிக் காக்கி போட்டு விசிலோடு நின்ற மனுஷனுக்கு ஒரே நாளில் நரைத்த தாடி கழுத்தைத் தொட்டது. "இப்படியே போய்ப் போய் வந்தீயன்னா, ஒரே வருசத்துல உங்களுக்கு நான் எம்பது பூர்த்தி பண்ணணும்" என்றாள் மதினி. சொல்லிவிட்டு அவளே சிரிக்கவில்லை.

மறுநாள் வெள்ளிக்கிழமை. அவர்கள் வீட்டுக்குள் செவ்வாய்க்கிழமை. மூன்று மணிக்கு மதினி சேலை மாற்றி, பொட்டு வைத்து, கம்ப்யூட்டருக்கு முன்னால் இரண்டு நாற்காலி போட்டாள். இன்றைக்கு அழைப்பு வராது என்று அவளுக்கும் தெரியும், தெருவில் இன்னும் செவ்வாய்க்கிழமை வரவில்லை. இருந்தாலும் கூப்பிட்டாள்.

"ஏங்க, ஒத்திகைக்காவது வந்து உக்காருங்க."

அண்ணாச்சி புறவாசலுக்குப் போனார். துவைக்கிற கல்லில் முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டார். மதினி ஒன்றரை மணி நேரமும் ஒற்றை ஆளாக அந்த எழுத்துக்கு முன்னால் உட்கார்ந்திருந்தாள், பக்கத்து நாற்காலி காலியாக இருந்தது. நாலு முப்பத்தொன்றுக்கு அவர் எழுந்து வந்து, "எதுவும் வந்துச்சா?" என்று கேட்டார். அதிலிருந்து மதினி அவரோடு பேசுவதை நிறுத்திவிட்டாள். நாலு நாள் கோபம் எல்லாம் தணிகிற அந்த வீட்டில் அவளுடைய கோபம் மட்டும் தணியவில்லை, ஏனென்றால் அதற்கு வயது ஆறு வருஷம்.

சனிக்கிழமை கேபிள் ஆபீஸிலிருந்து ரெஜினா என்கிற பெண் ஸ்கூட்டரில் வந்தாள். ஹெல்மெட்டைக் கழற்றாமலே பெட்டியைப் பார்த்தாள், எல்லா விளக்கும் பச்சை. தெருக் கம்பத்தில் ஏறி ஒயரைச் சோதித்தாள், சுத்தம். உள்ளே வந்து திரையின் மூலையைப் பார்த்தாள், தன் போனைப் பார்த்தாள், சுவர்க் காலண்டரைப் பார்த்தாள், வளர்ந்துவிட்ட தன் நகத்தையும் பார்த்துவிட்டு, ஸ்டூலில் உட்கார்ந்து தண்ணீர் கேட்டுக் குடித்தாள்.

"சார், லைன்ல ஒண்ணுமில்ல" என்றாள். "இங்க புதன்கிழம. வெளிய சனிக்கிழம. நீங்க அடுத்த புதன்கிழமைல நின்னுட்டுக் கூப்பிடுறீங்க. அங்க இன்னும் யாருமே வந்து சேரல. யாரு எடுப்பா?"

எனக்குச் சுரீர் என்றது. ரெஜினா மவுஸில் கை வைத்தாள். "தேதிய சரியாப் போட்டாப் போதும். ஒரு நிமிஷ வேலை."

"எம்மா, எடு கையை!" அண்ணாச்சி போட்ட சத்தத்தில் நாங்கள் எல்லோரும் நடுங்கிவிட்டோம். பிறகு அவரே குரலைத் தாழ்த்தினார். "வெளிய இன்னைக்குக் கரிநாள். கரிநாள்ல போயி விழச் சொல்லுதியா? திங்கக்கிழமை ஒம்பதேகாலுக்கு மாத்திக்கிடலாம். அவ கூப்பிட அதுக்கப்புறம் ஒரு நாள் இருக்கு."

வாசலில் கூடியிருந்த தெருவும் அவர் பக்கம்தான் பேசியது. ஒரு கல்யாண வீட்டுக்கு வத்தல் ஆர்டர் பிடித்திருந்த இசக்கி, "ரெண்டு நாள்தானம்மா, இருந்துட்டுப் போகட்டும்" என்றாள். ரெஜினா எங்களை ஒருதரம் சுற்றிப் பார்த்தாள். "தேதி மாத்த நான் எதுக்கு, அந்த அக்காவே மாத்துவாங்க" என்று என்னைக் காட்டிவிட்டுப் போனாள்.

திங்கட்கிழமை வந்தது. ஒன்பது மணிக்கு அண்ணாச்சி குளித்து வேட்டி மாற்றி, நெற்றி நிறையத் திருநீறு பூசி, கம்ப்யூட்டர் முன்னால் வந்து நின்றார், ஒன்பது ஐந்துக்கு கரண்ட் போய்விட்டது. தெருவில் எல்லா வீட்டிலும் கரண்ட் இருந்தது. விசாரித்ததில், மாதாந்திரப் பராமரிப்புக்காக வரப்போகிற வெள்ளிக்கிழமை மின்தடை என்று கரண்ட் ஆபீஸ் போர்டில் போட்டிருந்தது, பதினான்காம் நம்பருக்குள் அது வெள்ளிக்கிழமை. சாயங்காலம் நாலே முக்காலிலிருந்து ஐந்தே முக்கால் வரை இன்னொரு நல்ல நேரம் இருந்தது. ஐந்து மணிக்கு வரும் என்று போட்டிருந்த கரண்ட் ஆறு மணிக்குத்தான் வந்தது. அண்ணாச்சி கையை விரித்தார். "செவ்வாய்க்கிழமை எதையும் தொடங்கக்கூடாது. புதன்கிழமை பார்ப்போம்" என்றார், அவர் முகத்தில் ஒரு நிம்மதி தெரிந்தது, அதை நான் பார்த்தேன். மதினியும் பார்த்தாள்.

செவ்வாய்க்கிழமை விடிந்ததிலிருந்து தெருவில் யாருக்கும் கால் ஓரிடத்தில் நிற்கவில்லை. நான் கடையைத் திறந்து மூடித் திறந்தேன். அண்ணாச்சி உள்ளேயும் வெளியேயுமாக நடந்தார், மத்தியானத்துக்குள் தாடி நெஞ்சுக்கு இறங்கிவிட்டது. சரியாக மூன்று மணிக்கு வடிவு மதினி வாசலுக்கு வந்தாள். வரிசையில் நின்ற எங்களைப் பார்த்தாள், மாங்காய்க் கூடைகளைப் பார்த்தாள்.

"அன்னைக்கும் இப்படித்தான் நின்னீய" என்றாள்.

முதலில் அசைந்தது இசக்கிதான். கல்யாண வீட்டுக்குக் கொடுக்க வேண்டிய கடைசிப் பாய், ஈரம் சொட்டச் சொட்ட வத்தல், அதை வாசல்படியிலிருந்து எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டாள். "காயாட்டா காயாமப் போகுது" என்று சொல்லிவிட்டுத் தன் வீட்டு மாடிக்கு ஏறினாள். அவளைப் பார்த்து மற்றவர்களும் கூடையைத் தூக்கினார்கள். மதினி என் கையைப் பிடித்து உள்ளே இழுத்துக்கொண்டு போனாள்.

"அந்தத் தேதிப் பொட்டியத் தொறந்து வை, தங்கம். நீ மாத்தாத. அவர் மாத்தட்டும்."

நான் திறந்து வைத்தேன். மணி மூன்று இருபத்திரண்டு. அண்ணாச்சி புறவாசலுக்குப் போகவில்லை. வந்தார், நாற்காலியில் உட்கார்ந்தார், மவுஸைப் பிடித்தார். அவர் அந்தப் பெட்டியை வெகுநேரம் பார்த்தார், நாள், மாதம், வருஷம் என்று மூன்று கட்டம்.

"தங்கம்," என்றார், "இதுல வருசத்தையும் மாத்தலாமா?"

எனக்கு உடனே புரிந்தது. "மாத்தலாம் அண்ணாச்சி."

அவர் உருட்டினார். ஒரு வருஷம் குறைந்தது, இரண்டு குறைந்தது, ஆறும் குறைந்தது. மாதத்தை மாற்றினார். தேதிக்கு அவர் யோசிக்கவே இல்லை. மேல்மாடியில் எதுவோ திரும்பத் தொடங்குகிற அசைவு கேட்டது, காலண்டர் தாள்கள் படபடத்தன, வாசலில் வண்டியே இல்லாத இடத்தில் ஒரு ஆட்டோ எஞ்சினை அணைக்காமல் நிற்கிற சத்தம் கேட்டது, மெல்ல, பிறகு நன்றாகவே கேட்டது. பக்கத்து அறை ஜன்னல் கம்பியில் ஒரு வளையல் உரசியது. இன்னும் ஒரே ஒரு தட்டு பாக்கி இருந்தது.

"நான் போறேன் வடிவு" என்றார். "போயி கையை எடுத்துருதேன். உடனே அனுப்பிருதேன், ஒரு நொடி நிக்க விட மாட்டேன்."

ஐந்து நாளாகப் பேசாத மதினி பேசினாள். கோபமாகப் பேசவில்லை, பிள்ளையிடம் பேசுவதுபோலப் பேசினாள்.

"இப்ப இருக்க நீங்க அனுப்புவீய. அன்னைக்கு அங்க இருக்கவரு அனுப்ப மாட்டாரு. அவருக்கு இன்னும் ஒண்ணும் நடக்கலைல்லா. கேட்டுல கையை வச்சுட்டு நாலரை ஆகட்டும்னுதான் நிப்பாரு. நம்ம போனோம்னா அதை இன்னொரு தரம் பாக்கணும். இங்க அவ கூப்பிடும்போது எடுக்க ஆள் இருக்காது."

ஆட்டோ நின்றுகொண்டே இருந்தது. அண்ணாச்சி அழுதார், தாடி நனைய அழுதார். ஒரு மனுஷன் அவ்வளவு கத்தி அழுது நான் கேட்டதில்லை, ஆறு வருஷத்துக்கு முன்னால் அழுதிருக்க வேண்டிய அழுகை அது. அழுதுகொண்டே வருஷத்தை ஒவ்வொன்றாக மேலே உருட்டினார், ஒவ்வொரு வருஷத்துக்கும் ஆட்டோ சத்தம் கொஞ்சம் கொஞ்சமாக விலகிப் போயிற்று. மாதம் வந்தது. தேதியில் இன்றைய செவ்வாய்க்கிழமை வந்தது. சுவரில் மணி மூன்று இருபத்தொன்பது, நடு ராகு காலம், அவர் அதைப் பார்த்தார், பார்த்துவிட்டுத் தானே தட்டினார்.

வீடு ஒருதரம் திரும்பித் தெருவோடு வந்து சேர்ந்தது. திரையில் அந்த எழுத்து போய்விட்டது. சமையல்கட்டுக் குழாயில் செவ்வாய்க்கிழமைத் தண்ணீர் சொட்டியது.

மூன்றரை ஆயிற்று. ஒன்றும் வரவில்லை. மூன்று முப்பத்தைந்து. "லேட் பண்ணிட்டேனா, தங்கம்? லேட் பண்ணிட்டேனா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார், ஒரு நிமிஷப் பிந்தலுக்கு டிரைவர்களை வறுத்தெடுத்த மனுஷன். நான் வைஃபையைப் பார்த்தேன், பெட்டியைப் பார்த்தேன், பச்சை, எல்லாம் பச்சை. மூன்று நாற்பது. மதினி இரண்டாவது நாற்காலியில் வந்து உட்கார்ந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். ஜன்னலுக்கு வெளியே தெருவே நின்றது.

மூன்று நாற்பத்தொன்றுக்கு மணி அடித்தது.

எந்த இடத்தைத் தட்ட வேண்டும் என்று நான் விரலைக் காட்டினேன், அவர் தட்டினார். திரை நிறைய பிரமு வந்தாள். நர்ஸ் உடுப்பைக்கூட மாற்றாமல், இரவு வேலை பார்த்த கண்ணோடு இருந்தாள், அவளும் அழுதிருந்தாள், அந்தப் பதினோரு நிமிஷம் அவளும் கூப்பிடும் பொத்தானில் கையை வைக்கலாமா வேண்டாமா என்று தவித்திருக்கிறாள் என்பது பார்த்தாலே தெரிந்தது. அவள் முதலில் அவரை அடையாளம் கண்டுகொள்ளவில்லை.

"அப்பா? என்னப்பா இது, இம்புட்டு வயசாயிட்டு?"

"நடந்துட்டே இருந்தேம்மா" என்றார்.

பிறகு அவள் கேட்டாள். "அங்க மணி என்னப்பா?"

"மூணு நாப்பத்திரெண்டு."

"இன்னைக்கு என்ன கிழமை?"

"செவ்வாய்."

"ராகு காலம்லா" என்றாள். "வேணும்னா வச்சிரட்டுமா? நாலரைக்கு மேல கூப்பிடுதேன்."

ஜன்னலுக்கு வெளியே நின்றவர்களும் உள்ளே நின்ற நானும் அவர் கையைத்தான் பார்த்தோம். அந்தக் கை திரையை நோக்கிப் போயிற்று, அவள் கன்னம் இருந்த இடத்தில் கண்ணாடியைத் தொட்டுக்கொண்டு நின்றது.

"வைக்காதம்மா," என்றார் அண்ணாச்சி, "அன்னைக்குக் காத்திருந்தது போதும்."

நான் வெளியே வந்தேன், மற்றவர்களும் ஒவ்வொருவராக ஜன்னலை விட்டு விலகினார்கள். நாலரை எப்போது ஆயிற்று, அன்று தெருவில் ஒருவருக்கும் தெரியவில்லை. இசக்கியின் மாடியில் அந்தக் கடைசிப் பாய் வத்தல் ஈரமாகக் கிடந்தது, அது காய நான்கு நாள் ஆயிற்று.